எழுபதுக்கு இந்தப் பக்கம்

மனதை அளக்க முடியுமா என்ற கேள்வி பழசு, பதில்களும் பழசு. அளந்தாகிவிட்டது. வந்த எண்ணுக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி.

சிதம்பரத்தில் தனியாகத் தொழில் நடத்தும் மனோதத்துவ நிபுணர் ஒருவரை எனக்குத் தெரியும். சிகிச்சைக்கு வருகிறவர்களைவிட அஸெஸ்மென்ட் ரிப்போர்ட் கேட்டு வருகிறவர்களே அவரிடம் அதிகம். ரிப்போர்ட் சான்றிதழாகாது. அதை அரசு மருத்துவர் குழு தரவேண்டும். இருந்தாலும் பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு எண் கையில் வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் 2018 நெறிமுறையில், சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதக் குறைபாடு என்று இருந்தது. 70 முதல் 84 என்றால் 25 என்று இருந்தது. 2016 சட்டமோ பல சலுகைகளுக்கு 40 சதவீதம் கேட்கிறது. ஒற்றை மார்க்கில் ஒருவனுடைய பிற்கால ஜீவனம் தொங்குகிறது.

இந்த அளவுகோல் 1935-இல் அமெரிக்காவின் வைன்லண்ட் பள்ளியில் எட்கர் டால் செய்தது. நாகபுரியில் மாலின் அதை நமக்கேற்ப மாற்றினார். விசேஷம் என்னவென்றால், பையனைச் சோதிப்பதைவிட அவனை அறிந்தவரைக் கேட்பதுதான் இதன் முறை. பெரும்பாலும் தாய். தானாகச் சாப்பிடுவானா, குளிப்பானா, கடைக்குப் போய்வருவானா?

இங்கே தமிழ் குறுக்கே வந்து நிற்கிறது. 'குளிப்பான்' என்கிறாள் தாய். நம் எதிர்கால வினைமுற்று வழக்கத்தையும் சொல்லும், திறமையையும் சொல்லும். சொம்பில் மொண்டு ஊற்றியது யார் என்பதை மட்டும் சொல்லாது. பதினைந்து வருஷமாக உறவுக்காரர்களிடம் 'எல்லாம் செய்வான்' என்று சொல்லிச் சொல்லியே மகனை நிமிர்த்தி வைத்தவள், ஒரு மணி நேரத்தில் 'செய்யமாட்டான்' என்று சொல்லப் பழகவேண்டும். சிலர் பழகிக்கொண்டே வருகிறார்கள். (யார் பழக்குகிறார்கள் என்பது தனிக் கட்டுரை.) சிலர் நேராகவே, 'ரெண்டு மார்க் கொறைச்சுப் போட்டுக் குடுங்கம்மா' என்கிறார்கள். மார்க்கைக் குறைக்கச் சொல்லும் பெற்றோரை வேறெங்கே பார்க்கமுடியும்?

குறைத்துப் போட்டால் பொய்யா? கோடே பொய், அதைத் தாண்டவைப்பது எப்படிப் பொய்யாகும் என்பார்கள் நம்மில் சிலர். பாங்க் குமாஸ்தாவான எனக்குக் கோடுகள்மேல் அவ்வளவு அலட்சியம் வருவதில்லை. கோடு இல்லாத இடத்தில் சிபாரிசு நுழையும். ஆனால் லெட்ஜரில் ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபாய். மனக்கணக்கில் அப்படியில்லை. ஃப்ளோரிடாவில் ஃப்ரெடி லீ ஹால் என்ற மரண தண்டனைக் கைதிக்கு வந்த எண் 71. அது புத்திக்கூர்மைச் சோதனை, வேறு வகை. கோடு மட்டும் அதே 70. அதைத் தாண்டியவனுக்காக மேற்கொண்டு சாட்சியம் கேட்கமாட்டோம் என்றது அந்த மாநிலம். சோதனைக்கே பிழை எல்லை உண்டு என்று சொல்லி அந்தக் கண்டிப்பை 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. தூக்குமேடைக்குக் கிடைத்த இந்தச் சந்தேகத்தின் பலன், உதவித்தொகைக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

நிபுணரின் நேர்மை இரண்டாவது கேள்வியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. 'குளிப்பான்' என்றதும் கட்டத்தில் டிக் போட்டுவிடலாம்; வாசலில் அடுத்தவர் காத்திருக்கிறார். 'தண்ணி யார் ஊத்துறது?' என்று கேட்டால் அரைமணி போகும், தாய் அழவும் கூடும். கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே. எனக்குத் தெரிந்தவர் கேட்கிறார். கேட்டபிறகும் சில சமயம் 72 வரும். 72 என்றே எழுதுகிறார். கீழே பிழை எல்லையைக் குறித்துவிட்டு, தாய் சொன்ன வாக்கியங்களை அவள் சொன்னபடியே தமிழில் சேர்க்கிறார். அந்தக் கவரோடு அவள் மகனைக் கூட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறுகிறாள்.