பழைய இரும்பும் புதிய வீடும்



சென்ற மாதம் ஒரு மாலை, ஜெபமாலை முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு, நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் சுவாமியார் வீட்டுத் தாழ்வாரத்தில் தயங்கி நின்றார். கட்டடங்களுக்குக் கம்பி கட்டுவது அவர் தொழில். அவர் கேட்டது பாவசங்கீர்த்தனத்தில் அன்று. இதை எழுத அவருடைய சம்மதமும் உண்டு.

"சாமி, இடிச்ச வீட்டுக் கம்பியை நிமிர்த்தி, புது வீட்டுத் தளத்துக்குக் கட்டச் சொல்றாரு மேஸ்திரி. வீட்டுக்காரருக்குப் புதுக் கம்பின்னுதான் கணக்கு. கூலிக்குக் கட்டுற எனக்கும் அதுல பாவம் உண்டா?"

"அது மேஸ்திரியின் பொறுப்பு, நீர் போய் வேலையைப் பாரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பசித்திருந்தேன்; சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. குருமடத்தில் நீதிநெறி சாஸ்திரம் படித்தவன் சொல்லக்கூடிய விடை அல்ல அது. அவர் ஒன்றாகக் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதற்கேள்வி: பழைய இரும்பைத் திரும்பவும் பயன்படுத்துவது தகுமா? தகும். வீடு கட்டுகிறவர்களில் பலர் காயலான் கடைச் சாமான் என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் நம் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. வேறோர் இடத்தில் வேறொரு காரியத்துக்காகச் செதுக்கப்பட்டவை. அவற்றைப் பழைய கல் என்று யாரும் இகழக் கண்டதில்லை. இரும்போ கல்லையும்விட மேலானது. எத்தனை தடவை உருக்கினாலும் இரும்பாகவே திரும்பி வருகிறது. ஒரு டன் பழைய இரும்பை உருக்கி எடுத்தால், பூமியிலிருந்து தோண்ட வேண்டிய தாதுவில் ஏறக்குறைய 1,400 கிலோவும், நிலக்கரியில் 740 கிலோவும் மிச்சமாகும். காற்றில் கலக்கும் கரியமில வாயுவிலும் ஒன்றரை டன் குறையும். சர்வேசுரன் மனிதனிடம் ஒப்படைத்த பூமியை நம் பிள்ளைகளுக்கு எந்த நிலையில் விட்டுப்போகிறோம் என்று கவலைப்படுகிறவனுக்கு இவை அற்பக் கணக்குகள் அல்ல. உருக்காமலே உத்திரத்தை உத்திரமாகவும் தூணைத் தூணாகவும் எடுத்துப் பொருத்தினால் உலைச் செலவும் இல்லை. அது இன்னும் உத்தமம்.

குஜராத் மாநிலத்தில் அலாங் என்ற கடற்கரை உண்டு. 1983 முதல் அங்கே வயது முதிர்ந்த கப்பல்களைக் கரையேற்றி உடைக்கிறார்கள். உடைத்த தகடுகளில் பெரும்பகுதியைச் சூடாக்கி உருட்டிக் கம்பியும் சட்டமும் ஆக்குகிறார்கள். கடலைச் சுற்றி வந்த இரும்பு வீடுகளுக்குள் போய் ஓய்வெடுக்கிறது என்று நினைக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கரையில் தீப்பட்டும் தகடு விழுந்தும் மாண்ட தொழிலாளிகள் அநேகர். மலிவு என்று நாம் வாங்குகிற பொருளின் விலையை வேறு யாரோ கொடுத்திருக்கக்கூடும்.

நிற்க. இரண்டாவது கேள்விதான் கடினமானது. இரும்பு திரும்பி வரும்போது தன் பழைய சரித்திரத்தையும் கொண்டுவருகிறது. 2001-ஆம் ஆண்டு நியூயார்க்கில் இடிந்து விழுந்த இரட்டைக் கோபுரங்களின் இரும்பில் ஒரு பகுதி, மறு ஆண்டின் தொடக்கத்தில் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அதில் விஷப்பொருள்கள் ஒட்டியிருக்குமோ என்று தொழிற்சங்கத்தாரும் சுற்றுச்சூழல் அன்பர்களும் அப்போது ஆட்சேபித்தார்கள். அதே கோபுரங்களின் இரும்பில் ஏழரை டன்னை எடுத்து, அமெரிக்கர் ஒரு போர்க்கப்பலின் முன்முகத்தில் வார்த்து, 2009-இல் அதைக் கடற்படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஏழரை டன் எங்கே இருக்கிறது என்று உலகம் அறியும். சென்னையில் இறங்கியது எந்தெந்த வீட்டுத் தளத்துக்குள் கிடக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொன்று. 2008-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில், மின்தூக்கிகளில் பொருத்திய பொத்தான்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலிருந்து போன எஃகில் கோபால்ட்-60 என்னும் கதிர்ப்பொருள் கலந்திருந்தது. கழித்துப் போட்ட கருவி ஒன்று பழைய இரும்போடு உலைக்குள் விழுந்தால் இப்படி நேரும். 2010-இல் டில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதே கோபால்ட் ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்தது. ஓர் ஆய்வுக்கூடம் வேண்டாமென்று விற்ற கருவி அது. அதற்குள் என்ன இருந்தது என்று வாங்கியவருக்கும் தெரியாது, அதைப் பிரித்தவருக்கும் தெரியாது.

நம் மேஸ்திரியின் கம்பியில் கதிரியக்கம் இல்லை, துரு இருக்கிறது. 12 மில்லிமீட்டர் கம்பி துருவில் தேய்ந்து 10 மில்லிமீட்டர் ஆனால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது; ஆனால் பாரம் தாங்குகிற குறுக்குப் பரப்பில் நூற்றுக்கு முப்பது பங்கு போய்விட்டது. ஒரு தடவை வளைத்த கம்பியைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தினால், வளைந்த இடத்தில் கண்காணாத வெடிப்பு விழக்கூடும். மேலே கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிட்டால் பிறகு பார்ப்பார் யார்?

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இந்த விஷயத்தைத் தமது வேதசாஸ்திரப் பெருநூலில் ஆராய்ந்திருக்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். விலையைக் குறைத்து விற்கிறவன் அதை வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன் என்கிறார். ஆனால் மறைந்து கிடக்கும் குறை, வாங்குகிறவனுக்கு நஷ்டத்தையோ ஆபத்தையோ விளைவிக்குமானால் அதைச் சொல்லியே தீரவேண்டும். அதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று, இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பது! குறையை அறியாமல் விற்றவனுக்குப் பாவமில்லை. ஆனால் அறிந்த நாள் முதல் நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமை உண்டு என்றும் சொல்கிறார். இது வியாபாரிகளுக்குக் கசக்கும்.

ஆகவே பழைய உத்திரத்தை எஞ்சினியரைக் கொண்டு சோதித்து, "இது பழையது, விலை இவ்வளவு" என்று சொல்லி வைக்கிறவன் நல்ல காரியம் செய்கிறான். அதே இரும்பைப் புதியதென்று சொல்லித் தளத்துக்குள் புதைக்கிறவன் பணத்தை மட்டுமா திருடுகிறான்? அந்தத் தளத்தின் கீழே தொட்டில் கட்டப்போகிற தாய் இவனுடைய சிக்கனத்துக்குச் சம்மதித்தவள் அல்லள்.

இனி, கூலிக்குக் கம்பி கட்டுகிறவர். ஏவியவனுக்கும் ஏவப்பட்டவனுக்கும் ஒரே அளவு குற்றமில்லை. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டில் நின்று தீர்ப்புச் சொல்ல எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. ஆனாலும் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டென்று கை அறிந்த பிறகு, அந்தக் கைக்கு முழு விடுதலை கொடுக்க சாஸ்திரத்தில் இடமில்லை. மறு ஞாயிறு பூசைக்குப் பின் அவரைத் தேடிப் பிடித்து, நான் முன்பு சொன்னது தப்பு என்று சொன்னேன். அவர் சிரித்தார். அதற்கு முன்பே மேஸ்திரியிடம், "நான் கட்டமாட்டேண்ணே, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பன்னிரண்டு நாள் வேலையில்லை. இப்போது வில்லியனூர்ப் பக்கம் ஓரிடத்தில் கட்டுகிறார்.

உங்களில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள் ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். புதுக் கம்பியில் ஆலையின் பெயரும் தரமும் புடைப்பாகப் பதிந்திருக்கும். பில்லோடு ஒத்துப் பாருங்கள். பழையதை வைப்பதானால் தெரிந்து வையுங்கள்.

அந்த வீட்டுத் தளத்தை வேறு ஆளை வைத்துக் கட்டி, கான்கிரீட்டும் கொட்டிவிட்டார்களாம். வீட்டுக்காரர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். எனக்குப் பழக்கமும் இல்லை. மேஸ்திரியை இரண்டு தடவை ஆள் விட்டு அழைத்தேன், வரவில்லை. இந்த வாரம் நானே போய் அந்த வீட்டுக்காரரைப் பார்ப்பதாக இருக்கிறேன்.