பெயர் ஒன்றானால் பொறுப்பும் ஒன்றாகுமா?

வட்டார மின் நிறுவனங்கள் பலவற்றை ஒரு குழுமம் ஒரே பெயருக்குள் கொண்டுவந்தால், அதை வணிகச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அதற்குள் மிகப் பழைய தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது: பலவற்றை ஒன்றாக்குவது எது? ஜெர்மனியின் இ.ஆன் குழுமத்தை எடுத்துக்கொள்வோம். வேபா, வியாக் என்ற இரு பெருங்குழுமங்கள் 2000இல் இணைந்ததில் பிறந்தது அது. மறு ஆண்டே பவேரியாவின் வட்டார மின் நிறுவனங்கள் சில சேர்ந்து ‘இ.ஆன் பயர்ன்’ ஆயின. பிறகு ஸ்வீடனின் சிட்கிராஃப்ட், பிரிட்டனின் பவர்ஜென் ஆகிய பெயர்களும் இ.ஆனுக்குள் மறைந்தன. ஆனால் 2013இல் இ.ஆன் பயர்ன், ‘பயர்ன்வெர்க்’ என்ற பெயரைச் சூடிக்கொண்டது. 1921இல் தொடங்கிய பழைய பயர்ன்வெர்க்கோ வேறொரு நிறுவனம், அது இ.ஆன் உருவானபோதே இன்னொன்றோடு கலந்து மறைந்திருந்தது. ‘ப்ராய்சன் எலெக்ட்ரா’ என்ற பழைய பெயரும் 2016இல் குழுமத்தின் அணு உலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. அதனால் பவேரிய மண்ணிலுள்ள இசார் அணு உலையை பிரஷ்யாவின் பெயர் தாங்கிய நிறுவனம் நடத்தியது. உடல் மாறாமல் பெயர் மாறுகிறது. பெயர் மாறாமல் உடல் மாறுகிறது. அப்படியானால் நிறுவனத்தின் ஒருமை பெயரில் இல்லை.

பிறகு எதில் இருக்கிறது? பௌத்தத்தின் பாலி நூலான மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் மன்னன் மிலிந்தனிடம் தேரைக் காட்டி வாதிடுகிறார். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகமும் தேரன்று. அவை சேர்ந்திருக்கும் நிலைக்கு வழங்கும் பெயரே தேர். இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால், நிறுவனமும் வெறும் வழக்குப் பெயர்தான், அதை யாரும் எப்படியும் மாற்றலாம் என்று முடிவுகட்டத் தோன்றும். அதே நூலில் மாம்பழத் திருடனின் வழக்கும் வருகிறது. நட்ட விதை வேறு, நான் பறித்த பழம் வேறு என்கிறான் அவன். அந்த விதையிலிருந்தே இந்தப் பழம் வந்தது, ஆகவே அவன் தண்டனைக்குரியவன்தான் என்பது முடிவு. நிலையான ஆன்மா இல்லை என்று மறுப்பவரே வினையின் தொடர்ச்சியை விடாமல் பற்றிக்கொள்கிறார். நிறுவனத்துக்கு இதைவிடப் பொருந்தும் தத்துவம் இல்லை. அதற்கு ஆன்மா கிடையாது. ஆனால் செய்ததற்கு விடை சொல்லும் கடமை உண்டு. பல நிறுவனங்களை ஒன்றாக்குவது அந்தக் கடமைதான்.

மின்சாரம் வாங்குபவர் பார்ப்பது விலையை மட்டுமே, பெயரில் என்ன நெறி இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இந்தத் தொழிலில்தான் பெயருக்கு எடை அதிகம். துணியைத் தொட்டுப் பார்க்கலாம், அரிசியைச் சமைத்துப் பார்க்கலாம். இணைந்த மின்கட்டமைப்பில் எந்த மின்சாரம் யாருடையது என்று எவராலும் பிரித்துக் காட்ட முடியாது. 1998இல் ஜெர்மனி மின்சந்தையைத் திறந்துவிட்ட பிறகு, வாடிக்கையாளர் தேர்ந்தெடுப்பது ஒரு பொருளை அன்று, ஒரு வாக்குறுதியை. பெயர் அந்த வாக்குறுதியின் முத்திரை. அது மயக்கவும் கூடும் என்று ஐரோப்பிய ஒன்றியம் உணர்ந்திருக்கிறது. குழுமத்தின் விநியோக வலைப்பின்னல் நிறுவனம், அதே குழுமத்தின் விற்பனைப் பிரிவு வேறு என்பதில் தன் பெயராலும் விளம்பரத்தாலும் மக்களைக் குழப்பக் கூடாது என்று அதன் 2009 மின்சந்தை நெறிமுறை கூறியது.

பொறுப்பைச் சட்டம் பார்த்துக்கொள்ளும், தத்துவம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. சட்டம் தானாகப் பார்த்துக்கொண்டதில்லை. தன்னை இரண்டாகப் பிரித்து, அணு, நிலக்கரித் தொழில்களைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்போவதாக 2014இல் இ.ஆன் அறிவித்தது. உலைகளைக் கலைக்கும் செலவு பலவீனமான வாரிசின் தலையில் விழுந்து, கடைசியில் மக்கள் சுமக்க நேருமோ என்ற அச்சம் எழுந்தது. தாய் நிறுவனத்தைப் பொறுப்பிலிருந்து நழுவ விடாத சட்டத்தை அரசு முன்வைத்ததும், 2015இல் குழுமம் அணு உலைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அச்சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே அணு உலை நிறுவனங்கள் கழிவுப் பாதுகாப்புக்காக அரசு நிதியத்தில் சுமார் 2,400 கோடி யூரோ செலுத்தின. உலைகளைக் கலைக்கும் கடமை அவற்றிடமே நின்றது. விதை வேறு, பழம் வேறு என்று சொல்ல முடியாதபடி ஒரு நாடு சட்டம் எழுத வேண்டியிருந்தது. சட்டத்துக்கு முன்பே அந்த நெறி மக்கள் மனத்தில் இருந்ததால்தான் அச்சமே எழுந்தது.

வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. கிளையின் கடனுக்குத் தாய் நிறுவனம் பொறுப்பாகாது என்ற வரம்பு இல்லாவிட்டால், புதிய துறைகளில் முதலிட யாரும் துணிய மாட்டார்கள் என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. அந்த வரம்பை ஒழிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பை நாடும் கிளைக்குத் தனிப் பெயரும் இருக்கட்டும். நம்பிக்கை வாங்கும்போது ஒரே குடும்பம், கடன் தீர்க்கும்போது தனித்தனி ஆள் என்பது நியாயமாகாது. பொதுப் பெயரைக் கொடுக்கும் தாய் நிறுவனம், அப்பெயரில் தரப்படும் வாக்குறுதிக்கும் பிணையாக நிற்க வேண்டும். ஒரே பெயரில் கூடும் எந்தக் குழுமத்தையும் நாம் கேட்க வேண்டியது இதுதான்: உங்களில் ஒருவர் தவறினால் மற்றவர்கள் ஈடுசெய்வீர்களா? ஆம் என்றால் அந்தப் பெயர் மெய். இல்லையென்றால் வட்டாரப் பெயர்கள் பலவாகவே இருக்கட்டும்; யாரை நம்புகிறோம் என்பதாவது மக்களுக்குத் தெளிவாகத் தெரியும்.