ஒளி பொருளா, பண்பா?

நிறையற்ற ஒன்று நிறையுள்ளதை நகர்த்த இயலுமா என்னும் வினா, பொருள் எது, பண்பு எது என்னும் மெய்யியல் ஆய்வோடு பிணைந்ததாகும். நிறை இல்லாவிடினும் ஒளி உந்தம், அதாவது எதிர்ப்படும் பொருளைத் தள்ளவல்ல இயக்க அளவு, உடையது. 2010-இல் ஜப்பான் ஏவிய இகாரோஸ் விண்கலம், 14 மீட்டர் பக்கமும் 7.5 மைக்ரோமீட்டர் தடிப்பும் கொண்ட சதுரப் பாயை விரித்து, சூரிய ஒளியின் அழுத்தத்தால் முடுக்கம் பெற்று, இதனைக் கோள்களுக்கிடையிலான வெளியில் மெய்ப்பித்தது. புவியின் தொலைவில், ஒளியை முழுதும் எதிரொளிக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் விசை ஏறத்தாழ 9 மைக்ரோநியூட்டன் மட்டுமே எனினும், தடுக்கக் காற்றில்லாத வெளியில் அது இடையறாது செயற்படுவதால், அதன் விளைவு நாள்தோறும் திரண்டு பெருகுகிறது. ஒளியும் வெப்பமுமாகிய தேயுவை, இந்திய மெய்யியல் மரபுகளுள் ஒன்றைச் சேர்ந்த வைசேடிகர் பண்பெனக் கொள்ளாது திரவியமென, அதாவது பண்புக்கும் செயலுக்கும் இடமாகும் பொருளென, வகுத்தனர். அக்கொள்கையை இயற்பியல் நிறுவிவிட்டது என்பது மிகையாகும். ஆயினும், நிறையே பொருண்மைக்கு அளவுகோல் என்னும் கருத்து இனி நிலைக்காது.