தன்வேதனையும் உரையளவையும்

நோயுற்றவர் தம் நோயைப் பற்றிச் சொல்லும் சொல் மெய்யறிவுக்கு வாயிலாகுமா, ஆகுமெனில் எந்த எல்லை வரை ஆகும் என்பது, கைப்பேசித் திரையில் நோய்க்கதைகள் நாள்தோறும் வந்து குவியும் இக்காலத்தில் புதிதாக எழுந்த ஐயம் போலத் தோன்றினாலும், இந்திய அளவையியலுக்குப் பழகிய வினாவே ஆகும். அளவை என்பது மெய்யறிவு பிறக்கும் வழி. நேரே அறியும் காட்சி, அடையாளம் கொண்டு உய்த்துணரும் கருதல், நம்பத்தக்கவர் சொல்லாகிய உரை என்னும் மூன்றையும் முதன்மையாகக் கொள்ளும் சிவஞான சித்தியார் (13ஆம் நூற்றாண்டு), காட்சியை நால்வகையாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றைத் தன்வேதனைக் காட்சி என்கிறது. இன்ப துன்பங்களை உயிர் தானே உணர்வது அது. பிறர் அதனைக் காண வழியில்லை. ஆகவே ஒருவருடைய வலி பிறருக்கு எப்போதும் உரையாகவே வந்து சேர்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'வலிக்கிறது' என்பது காட்சி. 'இதனால் வலித்தது', 'இதனால் தீர்ந்தது' என்பவை கருதல். நோயாளி முன்னதற்கு நிகரற்ற சான்றாளர். பின்னதற்கு, அவரும் பிறரைப் போல உய்த்துணர்பவரே. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் அதிகையில் பாடிய பதிகம், வலியை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லும்போதே, இதற்குக் காரணமாகத் தாம் செய்த கொடுமைகள் எவை என அறியாமையையும் ஒப்புக்கொள்கிறது. அந்நோய் இறைவன் ஆட்கொள்ளக் கொடுத்தது என்று காரணத்தை விரித்துக் கதையாக்குபவர், சில நூற்றாண்டுகள் கழித்து வந்த சேக்கிழார்.

தன்வேதனையின் வலிமைக்கு அண்மைக் காலச் சான்று நெடுங்கோவிட். 2020இன் தொடக்கத்தில், மிதமான கொரோனாத் தொற்று இரண்டொரு வாரங்களில் தீரும் என்பதே பொதுக்கருத்தாக இருந்தது. மாதங்கள் கடந்தும் மூச்சுத் திணறலும் சோர்வும் நீங்காதவர்கள் பலருக்கு அது மனப்பதற்றம் என்றே சொல்லப்பட்டது. அவ்வாண்டு மே மாதம், தாமே நோயுற்றிருந்த இத்தாலியத் தொல்லியலாளர் எலிசா பெரேகோ ட்விட்டரில் அதற்கு நெடுங்கோவிட் (Long Covid) என்று பெயர் சூட்ட, தனித்தனியே கிடந்த அனுபவங்கள் அப்பெயரின்கீழ் ஒன்றுகூடின. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதற்கு மருத்துவ வரையறை வகுத்தது. கருவிகள் காணாததை உரையளவை முதலில் கண்டது என்பதே இதன் பொருள்.

ஆயினும் உரை அளவையாவதற்குச் சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும். நியாய சூத்திரத்திற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே சொல்ல விரும்புபவரே ஆப்தர் என்றும், இவ்விலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் கூறுகிறார். பிறப்பைப் பாராத இந்த வரையறை வியக்கத்தக்கது. அறிந்தவாறே சொல்லாதவர் இதனால் விலக்கப்படுவர். மூளைப் புற்றுநோயை உணவால் வென்றதாகச் சொல்லிப் புகழ்பெற்ற ஆஸ்திரேலியரான பெல் கிப்சன், தமக்கு அந்நோய் இருந்ததே இல்லை என்று 2015இல் ஒப்புக்கொண்டார். 2017இல் நீதிமன்றம் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஆனால் இத்தகைய பொய்யரைவிடக் கடினமான சிக்கலைத் தருபவர், கசாயம் குடித்ததையும் நோய் தணிந்ததையும் உண்மையாகவே கூறி, இரண்டையும் தாமே முடிச்சிடும் நேர்மையாளர். அவருடைய நேர்மையே அந்த முடிச்சுக்கும் சான்றாகக் கொள்ளப்பட்டுவிடுகிறது.

அத்தகையவர் சொல்லை எவ்வளவு நம்புவது என்பதற்கு அளவையியலின் பழைய வாதம் ஒன்று உதவும். அறிவு மறுக்கப்படும் வரை தானே மெய்யாகும் என்பர் வேத விளக்க மரபினரான மீமாம்சகர்; இது சுதப்பிராமாணியம். வேறொன்றால், குறிப்பாக அதனை நம்பிச் செய்த செயல் பயன்படுவதால், மெய்ம்மை உறுதியாக வேண்டும் என்பர் நியாய நெறியினரான நையாயிகர்; இது பரதப்பிராமாணியம். வலிபற்றிய சொல்லை முன்னவர் போலவும், மருந்துபற்றிய சொல்லைப் பின்னவர் போலவும் கேட்பதே பொருத்தம் எனத் தோன்றுகிறது. இயக்க நரம்பணுக்களைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோயை லித்தியம் தாமதப்படுத்தும் என்று 2008இல் இத்தாலியில் ஒரு சிறிய ஆய்வு கூறியபோது, பேஷண்ட்ஸ்லைக்மீ என்னும் இணையத்தளத்தின் நோயாளிகள் பலர் அதனை உட்கொண்டு தம் நிலையைத் தாமே பதிந்துவந்தனர். அந்நோய் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வேகத்தில் முற்றுவதால், தனியொருவர் தமக்கு மருந்து பலித்ததா என்று அறிய இயலாது; லித்தியம் உண்ட 149 பேரின் பதிவுகளை, நோய்ப்போக்கில் அவர்களை ஒத்த, ஆனால் அதனை உண்ணாதவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2011இல் வெளிவந்த ஆய்வு, பயன் ஏதுமில்லை என்று காட்டியது. நம்பிக்கையோடு மருந்துண்டவர்கள் எழுதிவைத்த பதிவுகளே அந்த மறுப்புக்கு ஆதாரமாயின.