யார் பெயரைச் சேர்ப்பது?

திண்டுக்கல் சமவெளியில் கிரிக்கெட்டுக்குத்தான் கூட்டம். நத்தத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டங்கள் நடக்கின்றன. திண்டுக்கல் டிராகன்ஸ் என்று ஊர்ப் பெயரிலேயே ஓர் அணியும் உண்டு. ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்களில் யார் பெயர் நிலைக்க வேண்டும் என்ற கேள்வி இங்கே அரிதாகவே எழுகிறது. ஆனால் அது வெறும் விளையாட்டுக் கேள்வி அல்ல. தகுதியை எதைக்கொண்டு அளப்பது என்பது பழைய ஆன்மிகக் கேள்வி.

சிவன் கோயில் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூன்று நாயன்மார்களைப் பாருங்கள். சுந்தரரின் திருத்தொண்டத் தொகையை அடியாகக் கொண்ட வரிசை அது. வேடரான கண்ணப்பரும் அதில் உண்டு, அரசரும் உண்டு. அதைவிட வியப்பு, பெயர் சொல்லாத ஒன்பது தொகையடியார் கூட்டங்களையும் சுந்தரர் வணங்கியது. தமிழகத்துக்கு அப்பாலும், தம் காலத்துக்கு முன்னும் பின்னும் வாழ்ந்த அடியார்களுக்கும் அதில் இடம் வைத்தார். பட்டியல் போடுகிறவருக்கு இந்தப் பணிவு அவசியம்.

கால்பந்துக்கு வருவோம். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் கால்பந்து இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அந்த அணியின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் 1967இல் அர்ஜுனா விருது பெற்றார், முழுக்கத் தகுதியானவர். ஆனால் அதே அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் 1963இல் புற்றுநோயால் மறைந்தார். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது வந்ததே 1985இல்தான்.

சைமன் சுந்தர்ராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய தமிழர். 1973இல் கேரளம் முதல்முறை சந்தோஷ் டிராபி கால்பந்துக் கோப்பையை வென்றபோது பயிற்சியாளரும் அவரே.

கோல்களை மட்டும் எண்ணினால் இவர்கள் விடுபடுவார்கள். மாவட்டக் கால்பந்துச் சங்கங்கள் தங்கள் மூத்த வீரர்கள், பயிற்சியாளர்கள் பெயர்களை இப்போதே எழுதிவைக்க வேண்டும்.