படிக்கக் கிடைக்காத சட்டம் சட்டமாகுமா?

சட்டத்தை அறியாமை மன்னிப்புக்குரிய காரணம் ஆகாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் நெறி. 'இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது' என்று கூண்டில் நிற்பவன் சொன்னால் நீதிபதி அதை ஏற்பதில்லை. ஏற்பாராயின் அறியாமையே அனைவருக்கும் கவசமாகிவிடும். ஆகவே இந்நெறியில் நியாயம் உண்டு. ஆனால் இதன் மறுபக்கத்தை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அறிந்திருக்க வேண்டும் என்று மனிதனைக் கட்டாயப்படுத்தும் சமுதாயம், அறிந்துகொள்ள அவனுக்கு வழி செய்திருக்கிறதா? வழி செய்யாமலே தண்டிக்குமானால் அங்கே நடப்பது நீதியா, அல்லது பொறி வைத்துப் பிடித்தலா?

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இவ்வினாவை அணுகியவர் புனித தாமஸ் அக்குவினாஸ். சட்டத்திற்கு அவர் தரும் இலக்கணத்தில் நான்கு கூறுகள் உள்ளன. அது அறிவுக்கு இசைந்த ஒழுங்காக இருக்க வேண்டும். பொது நன்மையை நாட வேண்டும். சமூகத்தின் பொறுப்பை ஏற்றவரிடமிருந்து வர வேண்டும். முறைப்படி அறிவிக்கப்பட வேண்டும். நான்காவது கூறு வெறும் சடங்கன்று. சட்டத்தின் இயல்பிலேயே அடங்கியது. அறிவிக்கும் நேரத்தில் அங்கில்லாதவரும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவரே. ஆனால் பிறர் வழியாக அது அவருக்கு எட்டியிருக்க வேண்டும், அல்லது எட்டக்கூடியதாயிருக்க வேண்டும் என்கிறார். மேலும், எழுத்து நிலைத்து நிற்பதால் ஒருமுறை அறிவித்த சட்டம் பிற்காலத்தாருக்கும் தொடர்ந்து அறிவிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்றும் விளக்குகிறார்.

இவ்விளக்கத்தினின்று மூன்று வினாக்கள் எழுகின்றன. சட்டம் எல்லோருக்கும் எட்டுகிறதா? எழுதியது நிலைத்து நிற்கிறதா? நமக்கும் சட்டத்திற்கும் இடையே நின்று அதை எடுத்துரைக்கும் 'பிறர்' உண்மையாளரா? நூலக அலமாரியிலிருந்து கணினித் திரைக்குச் சட்டம் இடம் பெயர்ந்துவிட்ட நம் காலத்தில் இம்மூன்றும் புதிய கூர்மை பெற்றுள்ளன.

முதல் வினா மிகப் பழையது. கி.மு. 450ஐ ஒட்டிய ஆண்டுகளில் உரோமைப் பொதுமக்களின் வற்புறுத்தலால் பன்னிரு பலகைச் சட்டங்கள் எழுதப்பட்டு, எல்லோரும் காணும்படி வைக்கப்பட்டன. ஆயினும் எந்த நாளில் வழக்குத் தொடுக்கலாம், எந்தச் சொற்களைக் கூறித் தொடுக்க வேண்டும் என்னும் நுணுக்கங்கள் குருக்கள் குழுவின் கையிலேயே இருந்தன. கி.மு. 304ஆம் ஆண்டில் நேயுஸ் ஃபிளாவியுஸ் என்பவர் அவற்றை வெளிப்படுத்தி, வழக்காடு நாட்களின் அட்டவணையைப் பொது மன்றத்தில் வெண்பலகைகளில் எழுதி வைத்தார். அவர் விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன். பின்னாளில் பேரரசன் கலிகுலா, மக்கள் கேட்டதற்கிணங்கத் தன் வரிச் சட்டத்தை எழுதி வைத்தானாம். ஆனால் எவரும் படியெடுக்க இயலாதபடி மிகச் சிறிய எழுத்துகளில், மிக ஒடுக்கமான இடத்தில் வைத்தான் என்று சுவெத்தோனியுஸ் எழுதுகிறார். சட்டத்தை வெளியிட்டுக்கொண்டே மறைக்கவும் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்று அந்த ஒடுக்கமான இடத்திற்கு விலை என்று பெயர். முந்தைய தீர்ப்புகளைச் சான்றாகக் கொண்டு வழக்குகளை முடிவு செய்யும் நாடுகளில், சட்டநூல் மட்டும் கையில் இருந்தால் போதாது. தீர்ப்புத் திரட்டுகளும் வேண்டும். 1834ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன் நீதிபதிகள் எழுதிய தீர்ப்புரைகளுக்கு எவரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது என்று உரைத்தது. ஆனால் உரிமை இல்லை என்பதும் எளிதில் கிடைக்கிறது என்பதும் வேறு வேறு. திரட்டுகளை அச்சிட்டவர்களிடமிருந்தும், 1973இல் தொடங்கிய லெக்சிஸ், 1975இல் தொடங்கிய வெஸ்ட்லா ஆகிய கணினிச் சேவைகளிடமிருந்தும் சட்டம் விலைக்கே கிடைத்தது. பெரிய வழக்குரைஞர் நிறுவனங்களுக்கு அது பொருட்டன்று. சிறிய ஊரின் வழக்குரைஞருக்கோ, தன் வழக்கைத் தானே நடத்தும் ஏழைக்கோ அது உயர்ந்த மதில்.

அம்மதிலில் வாயில் திறந்தவர்களும் உண்டு. 1992இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் புரூஸ், பீட்டர் மார்ட்டின் என்னும் இருவர் சட்டத்தை இணையத்தில் இலவசமாகத் தரும் நிலையம் ஒன்றை நிறுவினர். 1995இல் ஆஸ்திரேலியாவில் இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அவ்வாறே செய்தன. ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகமோ, தன்னிடமிருந்த அமெரிக்கத் தீர்ப்புத் திரட்டுகளின் முதுகுக் கட்டை வெட்டி, ஏறத்தாழ 4 கோடிப் பக்கங்களைப் படமெடுத்து, 67 லட்சம் வழக்குகளை 2018இல் இணையத்தில் வைத்தது. பொருளுதவி செய்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தால் இருந்த கட்டுப்பாடுகள் 2024இல் நீங்கின. பிறர் படிக்க வேண்டும் என்பதற்காக ஒரு நூலகம் தன் நூல்களையே அறுத்துத் தந்தது நம் சிந்தனைக்குரியது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். தீர்ப்புகளைத் தொகுத்து, சுருக்கம் எழுதி, பிழை நீக்கித் தருவோர் உழைக்கிறார்கள். உழைப்பாளிக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். ஆயின் சட்டம் வேறு, சட்டத்தைச் சுற்றிய உழைப்பு வேறு. நம் உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டு டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் இக்கோட்டையே வரைந்தது: தீர்ப்பின் மூல வாசகம் பொதுச் சொத்து, பத்தி பிரித்தல் முதலியவற்றில் பதிப்பாளர் தம் சட்ட அறிவைச் செலுத்திச் சேர்த்தவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சில வேளைகளில் கோடு மங்குகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் தன் அதிகாரபூர்வச் சட்டத் தொகுப்பின் விளக்கக் குறிப்புகளுக்குப் பதிப்புரிமை கோரியது. 2020இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதை மறுத்தது. குறிப்புகளற்ற இலவசப் பதிப்பைப் படிக்கும் குடிமகன், செல்லாதென நீதிமன்றங்கள் தீர்த்துவிட்ட சட்டப் பிரிவுகளை இன்னும் உயிருள்ளவை என்று நம்பிவிடுவான் என்பதைத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சுட்டிக்காட்டினார். பணம் உள்ளவனுக்கு முழு உண்மை, இல்லாதவனுக்கு அரை உண்மை என்பது அறம் ஆகுமா?

நம் நாட்டில் நிலைமை சில வகைகளில் மேலானது. தீர்ப்புகளை வெளியிடத் தடையில்லை என 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே கூறுகிறது. நீதிமன்றம் தடுத்திருந்தால் மட்டுமே விலக்கு. 2008இல் தொடங்கிய 'இந்தியன் கானூன்' தளம் தீர்ப்புகளை எவரும் இலவசமாகத் தேடிப் படிக்க வழி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2023 ஜனவரியில் தன் அதிகாரபூர்வத் திரட்டை இணையத்தில் இலவசமாகத் திறந்தது. ஆயினும் இன்னொரு மதில் நிற்கிறது. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி பொதுவில் ஆங்கிலமே. தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தீர்ப்புகளைப் பெயர்த்து வெளியிடும் பணி நடந்து வருவது நன்று. பங்குத்தளங்களில் பணியாற்றுவோர் அறிவர்: ஆங்கிலத்தில் வந்த அறிவிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, 'சாமி, இதில் என்ன போட்டிருக்கிறது?' என்று பங்குமனை வாயிலில் நிற்பவர்களுக்குக் குறைவில்லை. தன் வீட்டையும் நிலத்தையும் பற்றி எழுதப்பட்டதை, பிறர் படித்துச் சொன்னால்தான் அவர்கள் அறிய முடியும். இணையம் திறந்திருந்தும் அவர்களுக்கு அது ஒடுக்கமான இடமே.

இரண்டாம் வினா நிலைபேற்றைப் பற்றியது. எழுத்து நிலைத்து நிற்கிறது என்ற அக்குவினாஸின் நம்பிக்கை தோலிலும் தாளிலும் எழுதப்பட்டதற்குப் பொருந்தும். திரையில் எழுதப்பட்டதற்குப் பொருந்துமா? அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சான்றாகக் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, முதலில் சுட்டிய செய்தியை இப்போது காட்டுவதில்லை என்று 2014இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு கண்டது. ஆராய்ந்த சட்ட இதழ்களிலோ இது நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். சில பக்கங்கள் மறைந்துவிட்டன. சில இருக்கின்றன, ஆனால் உள்ளே இருப்பது வேறு. இரண்டாவது வகையே மிகவும் அஞ்சத்தக்கது. செல்லரித்த தாள் தன் குறையைத் தானே காட்டும்; மாற்றியெழுதப்பட்ட திரையோ எதையும் காட்டாது. தீர்ப்பின் காரணம் மறைந்த பின்னும் தீர்ப்பு மட்டும் மனிதனைக் கட்டுமாயின், அவன் எதற்குக் கட்டுப்படுகிறான்? இதை உணர்ந்தே ஹார்வர்டு சட்ட நூலகம் பிற நூலகங்களோடு சேர்ந்து, சுட்டப்படும் பக்கத்தை அப்போதே படியெடுத்துக் காக்கும் ஏற்பாட்டை 2013இல் தொடங்கியது. நூலகத்தின் காலம் முடிந்தது என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாம் வினா, இடையில் நிற்பவரின் உண்மையைப் பற்றியது. விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்தது என்று அவியாங்கா நிறுவனத்தின்மேல் பயணி ஒருவர் தொடுத்த வழக்கு நியூயார்க்கில் நடந்தது. அவர் தரப்பு வழக்குரைஞர்கள் சான்றாகக் காட்டிய தீர்ப்புகளில் ஆறு, உலகில் எங்கும் இல்லாதவை. சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி அவற்றைப் புனைந்து தந்திருந்தது. இவை உண்மையா என்று அக்கருவியிடமே கேட்டபோது, உண்மைதான் என்றது. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அத்துடன், எந்த நீதிபதிகளின் பெயரால் பொய்த் தீர்ப்புகள் புனையப்பட்டனவோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் நடந்ததைத் தெரிவித்துக் கடிதம் அனுப்பவும் ஆணையிட்டார். பொய் யார் பெயரைத் தொட்டதோ அவருக்கும் ஈடு செய்யப்பட வேண்டும் என்னும் அறநெறி இவ்வாணையில் அடங்கியிருப்பதைக் காண்கிறோம்.

கருவி பொய் சொன்னது என்று சொல்லலாமா? பொய்க்கு உண்மையை அறிந்தும் மறைக்கும் மனம் வேண்டும். கருவிக்கு மனம் இல்லை. சொற்களுக்குப் பின் எச்சொற்கள் வரக்கூடும் என்று கணித்து அடுக்குவதே அதன் தொழில். படித்தேன் என்று உறுதி கூறும் ஆற்றல் மனிதனுக்கே உண்டு. ஆதலால் பொறுப்பும் அவனுக்கே. ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டுவது சாட்சி சொல்வதற்கு நிகர். 'அங்கே சென்றேன், கண்டேன், அங்கே இவ்வாறு எழுதியிருக்கிறது' என்பதே ஒவ்வொரு மேற்கோளின் பொருள். காணாததைக் கண்டதாகச் சொல்பவனை நாம் பொய்ச்சாட்சி என்கிறோம். அவனுக்குத் தீய எண்ணம் இல்லாதிருக்கலாம். சோம்பலோ அவசரமோ மட்டும் இருக்கலாம். ஆயினும் அவன் சொல்லை நம்பி இன்னொருவர் தம் உரிமையை இழக்கும்போது, அந்த இழப்பு சோம்பலின் அளவால் குறைவதில்லை.

இவ்வழக்கில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. அந்த அலுவலகம் பெரிய கட்டணச் சேவைகளுக்குச் சந்தா கட்டியிருக்கவில்லை. வேண்டிய தீர்ப்புகள் அதற்கு எட்டவில்லை. இது அவர்கள் செய்கையை நியாயப்படுத்தாது. ஆனால் மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதைக் காட்டுகிறது. உண்மைக்கு விலையும் பொய்க்கு இலவசமும் இருக்கும் சந்தையில், ஏழையின் பைக்குள் எது போய்ச் சேரும்?

எனவே சட்டம் இணையத்தில் 'இருக்கிறது' என்று சொல்லி ஆட்சியாளர் கைகழுவ முடியாது. அது திறந்திருக்க வேண்டும், மாறாதிருக்க வேண்டும், மக்கள் மொழியில் எட்ட வேண்டும். கற்றவர்க்கும் கடமை உண்டு. பிறருக்காகப் படிப்பவர், வழக்குரைஞரோ நூலகரோ ஆசிரியரோ குருவோ, மூலத்தைத் திறந்து பார்க்காமல் வாய் திறக்கலாகாது. தன்னால் படிக்க இயலாத தாளை நம்மிடம் நீட்டும் எளியவன், தாளோடு தன் நம்பிக்கையையும் சேர்த்தே நீட்டுகிறான். 'தெரியாது' என்ற சொல்லை அவனிடமிருந்து ஏற்க மறுக்கும் உலகம், அவன் தெரிந்துகொள்ளும் வழியை அடைத்து வைக்கவும் கூடாது. அவ்வழியில் பொய்யை நடமாட விடவும் கூடாது.