கண்ணனுக்கு எந்த வேடம்?

1909-இல் ஒட்டோ ராங்க் என்ற இளைஞர், ஃபிராய்டின் வியன்னா வட்டத்தில் இருந்தவர், வீரர்களின் பிறப்புக் கதைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அக்காடிய அரசன் சர்கோன், மோசே, ஈடிபஸ், ரோமுலஸ் என்று அவர் அடுக்கிய பட்டியலில் கர்ணனும் உண்டு. உயர்குடியில் பிறப்பு, பெட்டியில் வைத்து ஆற்றில் விடுதல், எளியவர் கையில் வளர்தல், வளர்ந்தபின் பிறப்பின் உண்மை தெரிதல், இழந்த இடத்தை மீட்டல்: இதுதான் ராங்க் கண்ட பொதுப்பாதை. கர்ணனின் முன்பாதி இதற்கு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. பின்பாதி இடிக்கிறது. மற்றவர்கள் உண்மை தெரிந்ததும் தங்கள் இடத்தைத் தேடிப் போகிறார்கள். கர்ணனுக்கு உண்மை தெரிகிறது, அவன் போகவில்லை.

கதைக் கோட்பாடுகளைச் சினிமாவுக்குப் பொருத்திப் பார்ப்பது இன்று ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. 1949-இல் ஜோசப் கேம்பல் எழுதிய நூலில் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்ற மூன்று படிகள் உண்டு. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு அந்த நூல் எவ்வளவு உதவியது என்று ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். அதிலிருந்து எந்தப் படத்தை எடுத்தாலும் அழைப்பு எங்கே, குரு எங்கே, குகை எங்கே என்று தேடும் பழக்கம் பரவிவிட்டது. தேடினால் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அச்சு எங்கே பொருந்தவில்லையோ அங்கேதான் ஒரு கதை தன் சமயத்தையும் அறத்தையும் பேசத் தொடங்குகிறது.

அதற்குக் கர்ணனை விடச் சிறந்த சோதனைப் பொருள் தமிழ் சினிமாவில் இல்லை. 1964-இல் பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்', 1991-இல் மணிரத்னத்தின் 'தளபதி', 2021-இல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' என்று மூன்று தலைமுறைக்கு மூன்று கர்ணன்கள். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு கேள்வி தொண்டையில் சிக்குகிறது. நல்லவன் ஒருவனை வீழ்த்தத் தெய்வமே துணை நிற்கும் கதையில், அந்தத் தெய்வத்துக்கு என்ன வேடம்?

ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கும். நூறு மாயக்கதைகளைப் பிரித்துப் பார்த்த அவர், அவற்றின் நிகழ்வுகள் 31 வகைக்குள் அடங்கும், பாத்திரங்கள் ஏழு வேடங்களுக்குள் அடங்கும் என்றார். அந்த ஏழில் முக்கியமான ஒருவர் வழங்குபவர். காட்டுக் கிழவியாகவோ வழிப்போக்கராகவோ வருவார், நாயகனைச் சோதிப்பார், அவன் தேறினால் ஒரு மந்திரப் பொருளைக் கொடுப்பார். நாயகன் அதை வைத்து வெல்வான்.

கர்ணன் கதையில் இது தலைகீழ். மந்திரப் பொருளான கவச குண்டலம் பிறக்கும்போதே அவன் உடம்போடு ஒட்டி வந்துவிட்டது. பிறகு வேடமிட்டு வருகிறவர்கள் எல்லாரும் வாங்க வருகிறவர்கள்தான். அந்தணனாக வந்த இந்திரன் கவசத்தைக் கேட்டு வாங்குகிறான் (பதிலுக்கு ஒரே முறை எய்யக்கூடிய வேலைத் தருகிறான், அதுவும் கடோத்கசனுக்குச் செலவாகிறது). தாயாக வந்த குந்தி, அருச்சுனன் தவிர மற்ற மக்களின் உயிரைக் கேட்டு வாங்குகிறாள். சோதனையில் கர்ணன் ஒவ்வொரு முறையும் தேறுகிறான். தேறத் தேற இழக்கிறான். பிராப்பின் நாயகன் பெற்று வளர்கிறவன் என்றால் இவன் கொடுத்துத் தேய்கிறவன்.

கடைசியாக வருகிறவன் கண்ணன். வியாச பாரதத்தின் கர்ண பருவத்தில் அவன் வாங்க வருவதில்லை. தேர்ச் சக்கரம் மண்ணில் புதைந்து, தர்மப்படி சற்றுப் பொறு என்று கர்ணன் கேட்கும்போது, சபையில் திரௌபதியை இழுத்து வந்தபோது இந்தத் தர்மம் எங்கே போயிற்று, அபிமன்யுவைச் சூழ்ந்து கொன்றபோது எங்கே போயிற்று என்று அரசு வழக்கறிஞரைப் போல அடுக்குகிறான். அரிஸ்டாட்டிலுக்கு இந்த இடம் பிடித்திருக்கும். முற்றும் நல்லவனோ முற்றும் கெட்டவனோ வீழ்வதில் துன்பியல் இல்லை, உயர்ந்தவன் தன் பிழையால் வீழ வேண்டும் என்பது அவர் விதி. வியாசரின் கர்ணனுக்குப் பிழை உண்டு. ஆகவே தண்டனைக்கும் நியாயம் உண்டு.

தமிழ் மரபுக்கு இந்த நியாயம் போதவில்லை. வில்லிபுத்தூராரின் பாரதத்தில் கண்ணன் முதிய அந்தணனாகப் போர்க்களத்துக்கே வந்து, குற்றுயிராகக் கிடக்கும் கர்ணனிடம் அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாகக் கேட்கிறான். நீர் வார்த்துக் கொடுக்க வேண்டிய தானத்தைக் கர்ணன் தன் குருதியை வார்த்துக் கொடுக்கிறான். பந்துலுவின் படம் எடுத்துக்கொண்டது இந்தக் காட்சியைத்தான். சிவாஜி கணேசன் அம்பு தைத்துச் சாய்ந்திருக்க, என்.டி. ராமராவின் கண்ணன் வாயசைக்க, சீர்காழி கோவிந்தராஜனின் குரல் எழுகிறது. அந்தப் பாட்டில் தான் வஞ்சகன் என்று கண்ணனே ஒப்புக்கொள்கிறான். குற்றம் சாட்டியவன் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பதுபோல ஓர் இடமாற்றம் அது. 2012-இல் படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டபோதும் கூட்டம் வந்ததற்கு இந்த ஒரு காட்சி பெரிய காரணமாக இருந்திருக்கும்.

ஆனால் காட்சிக்குள் ஒரு தர்க்கச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. புண்ணியத்தை இன்னொருவருக்குத் தாரை வார்க்க முடியுமா? முடியவே முடியாது என்பார்கள் சமணர்கள். அவரவர் வினை அவரவருக்கே. பௌத்த மரபு அனுமதிக்கும். சரி, கொடுக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், இருந்த புண்ணியம் முழுவதையும் கொடுத்த செயலே ஒரு பெரும்புண்ணியம் அல்லவா? அது யார் கணக்கில் ஏறும்? கொடுக்கக் கொடுக்கக் கணக்கு பூஜ்யத்துக்கு வர மறுக்கிறது. வினைப்பயன் என்ற பேரேடே அந்த இடத்தில் குழம்பிப் போகிறது. அந்தக் குழப்பத்தில்தான் கண்ணன் தன் உண்மை உருவைக் காட்டுகிறான். வட தமிழகத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ஆடும் இந்தக் கதைக்குப் பெயரே 'கர்ண மோட்சம்'. சாவு என்று பெயரிட யாருக்கும் மனம் வரவில்லை. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஐந்து நிலைகளில் கடைசியான பயன் எய்துதலை, தோற்றவனுக்கே கொடுத்துவிடுகிறது கூத்து.

'தளபதி'க்கு வந்தால் தெய்வமே இல்லை. கறுப்பு வெள்ளையில் தொடங்கும் முன்கதையில் சிறுமி ஒருத்தி குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிட்டுத் தவிக்கிறாள். ஆற்றுக்குப் பதில் ரயில், தேரோட்டி வீட்டுக்குப் பதில் குடிசைப்பகுதி. சூரியன் மட்டும் நாயகன் சூர்யாவின் பெயரிலும் சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவிலும் திரும்பத் திரும்ப வருகிறான். கண்ணன் இருக்க வேண்டிய இடத்தில் ஜெய்சங்கர் நடித்த கிருஷ்ணமூர்த்தி இருக்கிறார், குழந்தையை ரயிலில் விட்ட கல்யாணியின் கணவர். உத்யோக பருவத்தில் கண்ணன் போருக்கு முன் கர்ணனிடம் பிறப்பின் உண்மையைச் சொன்னதுபோல, இவர்தான் சூர்யாவிடம் சொல்கிறார். வித்தியாசம் நோக்கத்தில் இருக்கிறது. கண்ணன் சொன்னது ஒரு ராஜதந்திரம்; பக்கம் மாறினால் அரசு உனக்கு என்ற ஆசைகாட்டல் அதில் இருந்தது. கிருஷ்ணமூர்த்தியிடம் இருப்பது மனைவியின் துயரம் அறிந்த ஒரு மனிதரின் சங்கடம். சூதுவாது இல்லாத கிருஷ்ணன்!

இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. வியாசரின் கர்ணனுக்கு இருந்த குற்றத்தை மணிரத்னம் எடுத்துவிடவில்லை, இடம் மாற்றியிருக்கிறார். சூர்யா அடித்துக் கொன்ற ரமணாவின் மனைவி பத்மா, கைக்குழந்தையோடு படம் முழுக்க அவன் கண் முன்னால் நிற்கிறாள். பழைய கதையில் குற்றத்துக்குத் தண்டனை சாவு. இங்கே அந்தக் குற்றத்தோடு வாழ்வதுதான் தண்டனை. அவளைக் காப்பாற்றி மணந்துகொள்கிறான். முடிவில் துரியோதனன் இடத்தில் இருக்கும் நண்பன் தேவா சாகிறான், சூர்யா பிழைக்கிறான், தாய் அவனோடு தங்கிவிடுகிறாள். ரஜினிகாந்தைச் சாகவிட முடியாது என்ற வணிகக் கணக்கு இதில் இருந்திருக்கலாம். இருந்தாலும் விளைவு வணிகத்தைத் தாண்டிப் போகிறது. சாபம், வரம், ஊழ் எதுவும் இல்லாத உலகில் கர்ணன் சாக வேண்டிய கட்டாயமே இல்லை என்று படம் சொல்லிவிடுகிறது. கூடவே மோட்சமும் போய்விடுகிறது என்பது இதற்குக் கொடுத்த விலை. படத்தின் கடைசிக் காட்சிகள் சற்றே சப்பென்று இருப்பதற்குக் காரணம் அதுதானோ என்னவோ.

மூன்றாவது கர்ணன் தனுஷ். பேருந்து நிற்காத பொடியன்குளம். படத்தின் தொடக்கத்திலேயே சாலை நடுவே ஒரு சிறுமி வலிப்பு வந்து துடிக்க, வண்டிகள் ஒதுங்கிப் போய்க்கொண்டே இருக்கின்றன. 1995-இல் கொடியன்குளத்தில் நடந்த காவல்துறை வன்முறையின் நிழல் கதை முழுக்க விழுந்திருக்கிறது. இந்த ஊரில் துரியோதனன் இருக்கிறார், அபிமன்யு இருக்கிறான், ஏமராஜா இருக்கிறார். ஊரை அடித்து நொறுக்க வரும் காவல்துறை அதிகாரியின் பெயர் கண்ணபிரான்.

பிராப்பின் ஏழு வேடங்களில் கடவுளின் பெயர் தாங்கியவருக்குக் கிடைத்திருப்பது வில்லன் வேடம். வழங்குபவர் வேடம் ஊருக்குப் போகிறது. மேலே எறியப்படும் மீனைத் துண்டாக்கிக் கர்ணன் வெல்லும் வாள், ஊர் அவனுக்குக் கொடுக்கும் ஆயுதம். வாங்கிக்கொண்டே போன கதையில் முதல் முறையாக ஒரு கர்ணனுக்கு மற்றவர்கள் கொடுக்கிறார்கள். கேம்பலின் அழைப்பும் இங்கே திரும்பிக்கொள்கிறது. ஊரைவிட்டுப் போ என்பதுதான் அழைப்பு, அரசாங்க வேலையின் உருவத்தில். போனவன் ஊர் அடிபடுவது கேட்டுத் திரும்பி வருகிறான். கண்ணபிரானைக் கொல்கிறான். சிறை சென்று மீள்கிறான்.

இது நாத்திகமா என்றால், அப்படி எளிதில் சொல்லிவிட முடியாது. செத்துப்போன சிறுமி காட்டுப்பேச்சியாக முகமூடியோடு வந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேலிருந்து நீதி வழங்கும் தெய்வத்தைத்தான் படம் மறுக்கிறது. இறந்தவர்களிலிருந்து எழும் தெய்வத்தை மறுக்கவில்லை. தென்மாவட்டச் சிறுதெய்வ வழிபாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. கொலையுண்டவர்களும் அகால மரணம் அடைந்தவர்களும் பீடம் ஏறும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு.

படத்தின் மேல் ஒரு குறை சொல்லலாம். வியாசரின் கண்ணனுக்கு வாதம் இருந்தது. கேட்பவர் நெஞ்சு ஒருகணம் அவன் பக்கம் சாயும். கண்ணபிரானுக்கு அதிகாரத் திமிர் மட்டுமே இருக்கிறது, எதிர்வாதம் இல்லை. ஆனால் வாதத்துக்கான பொருளையே மாரி செல்வராஜ் கதையிலிருந்து எடுத்துவிட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். குருக்ஷேத்திரத்தில் கண்ணன் வைத்த முதல் குற்றச்சாட்டு திரௌபதி. சுயம்வரத்தில் மீனை அடிக்க விடாமல் கர்ணனைத் திருப்பி அனுப்பியதில் தொடங்கிய பகை அது என்று கதை சொல்லிகள் சொல்வதுண்டு. பொடியன்குளத்தில் மீனை வெட்டியவன் கர்ணன். அவனுடைய காதலியின் பெயர் திரௌபதை.